பெரியம்மா இறந்த வெள்ளிக்கிழமைகள்

ஒரு படம் ஜெயித்ததா தோற்றதா என்பதைச் சென்னையில் இருப்பவர்கள் கோடிகளை எண்ணிச் சொல்கிறார்கள். நான் பெரியம்மாக்களை எண்ணிச் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒரே படவரிசையின் முதல் ஐந்து பாகங்களுக்கு என் கணக்கு சரியாகவே இருந்தது. ஆறாவதில் தப்பியது. அதில் என் மீசை போயிற்று.

ஏற்காட்டில் தலைச்சோலைப் பக்கம் ஒரு காப்பி எஸ்டேட்டில் நான் ரைட்டர். கதை எழுதுகிற வேலை இல்லை. தினமும் காலை ஏழரைக்கு ஆட்களை வரிசையாக நிறுத்திப் பேர் கூப்பிட்டு, வந்தவருக்கு ஒரு கோடும் வராதவருக்கு ஒரு சுழியும் மஸ்டர் நோட்டில் போடுகிற வேலை. அந்தக் கோடும் சுழியும் போட்டுப் போட்டே எனக்குத் தலை நரைத்தது. மீசைக்கு மட்டும் மை தடவுவேன்.

எங்கள் பக்கத்தில் தியேட்டர் இல்லை. படம் பார்க்க வேண்டுமென்றால் இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கிச் சேலத்துக்குப் போக வேண்டும். காலைக் காட்சிக்குப் போனவன் அன்றைக்கு வேலைக்கு வர முடியாது. ஆகவே புதுப்படம் வருகிற வெள்ளிக்கிழமை மஸ்டரில் எத்தனை சுழியோ, அத்தனை டிக்கெட். இதைக் கண்டுபிடிக்கப் பெரிய மூளை வேண்டியதில்லை. ஆனால் நான்தான் கண்டுபிடித்தேன் என்பதை யாரும் மறுக்க முடியாது.

படத்துக்குப் போகிறேன் என்று சொல்லி யாரும் லீவு கேட்பதில்லை. அது மரியாதை இல்லையாம். சாவு வீடு என்றுதான் சொல்வார்கள். அப்பா அம்மாவைச் சாகடிக்க மனசு வராது. பக்கத்து வீட்டுக்காரர் செத்தார் என்றால் நான் எட்டிப் பார்த்துவிடுவேன். அதனால் எங்கோ வாழப்பாடியிலோ அரூரிலோ இருக்கும் ஒரு பெரியம்மாவைச் சாகடிப்பார்கள். செடிக்கு மருந்து அடிக்கிற ஆள் ஒருவர் இருக்கிறார். அவருடைய பெரியம்மா இரண்டாம் பாகத்துக்கு இறந்தார், மூன்றாம் பாகத்துக்கு இறந்தார், நான்காம் பாகத்துக்கும் இறந்தார். நான்காவது முறை நான் கேட்டே விட்டேன். "அது வேற பெரியம்மாங்க" என்றார், கண் கலங்க.

முதல் வெள்ளிக்கிழமை சாவு என்றால் அது முதல் நாள் கூட்டம். அதே ஆள் இரண்டு வாரம் கழித்துக் கருமாதி என்று லீவு கேட்டால் படத்தை இரண்டாம் தடவை பார்க்கப் போகிறார் என்று அர்த்தம். சாவு நிறைய, கருமாதி இல்லை என்றால் படம் ஆரம்பத்தில் ஓடிப் பிறகு படுத்துவிட்டது. சாவும் கருமாதியும் சரிக்குச் சரி வந்தால் வெள்ளிவிழா. நான் மஸ்டரைப் பார்த்துச் சொல்வதை எஸ்டேட் கேட்டுக்கு எதிரே இருக்கும் டீக்கடைக்காரர் தன் கரும்பலகையில் போண்டா விலைக்குக் கீழே எழுதிப்போடுவார். 'ரைட்டர் ரிசல்ட்' என்று அதற்குப் பேர்.

படம் என்றால் எல்லாப் படமும் இல்லை. கதாநாயகன் லாரி ஓட்டுகிற லாரிக்காரர் படம் மட்டும். சேலம் ஜில்லாவில் பாதிப்பேருக்கு லாரியோடு ஏதாவது ஒரு உறவு இருக்கும் என்பதால் அந்தப் படங்கள் எங்கள் சொந்தப் படங்கள். முதல் பாகத்தில் வில்லன் கதாநாயகனின் லாரியைக் கடத்தினான். இரண்டாம் பாகத்தில் தங்கையைக் கடத்தினான். மூன்றாம் பாகத்தில் தங்கையை அவருடைய லாரியிலேயே வைத்துக் கடத்தினான். நான்காம் பாகத்தில் கதாநாயகன் வெளிநாடு போனார். லாரியும் கப்பலில் பின்னாலேயே போயிற்று. ஐந்தாவதில் அப்பா வேடமும் அவரே. அப்பாவுக்கும் ஒரு லாரி. முதல் பாகம் வந்தபோது என் மகள் ஆறாம் வகுப்பு. ஐந்தாம் பாகம் வருவதற்குள் அவளுக்குக் கல்யாணமாகிச் சேலத்தில் குடித்தனம் வைத்துவிட்டாள். கதாநாயகனுக்கு மட்டும் இன்னும் பெண் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஐந்தாம் பாகம் வந்த வெள்ளிக்கிழமையை நான் மறக்க முடியாது. நல்ல பழப்பறிப்புக் காலம். சரிவுக்காட்டில் செடி முழுக்கப் பழம் சிவந்து தொங்கிக்கொண்டிருந்தது. காலையில் நோட்டைத் திறந்து பேர் கூப்பிட்டால் என் குரல் எனக்கே திரும்பி வந்தது. நாற்பத்திரண்டு பேரில் ஒருவர்கூட வரவில்லை. வரிசையாகச் சுழி போட்டுக்கொண்டு வந்தேன். பறிக்க ஆள் இல்லையே என்ற கவலை இருந்தது, ஆனால் பொய் சொல்லக்கூடாது, உள்ளுக்குள் ஒரு பெருமையும் இருந்தது. இப்படி ஒரு வெற்றியை என் நோட்டு பார்த்ததில்லை.

மத்தியானம் மழை பிடித்தது. பழுத்த பழம் மழையில் வெடித்துக் கீழே கொட்டிவிடும். சரிவுக்காட்டில் பாதிப்பழம் மண்ணுக்குப் போயிற்று. மறுநாள் முதலாளி சேலத்திலிருந்து வந்தார். பழம் காயப்போடுகிற களத்தில், படம் பார்த்துவிட்டு வந்து நின்ற நாற்பத்திரண்டு பேருக்கும் எதிரில் என்னைக் கூப்பிட்டார்.

"அத்தனை பேருக்கும் ஒரே நாள்ல பெரியம்மா செத்துட்டாங்களா? உனக்கு ஆளை வெச்சு வேலை வாங்கத் தெரியலைன்னா சொல்லு. தெரிஞ்சவனை வெச்சுக்கறேன்."

என்னைவிட அவர் பத்து வயது சின்னவர். நான் களத்துச் சிமெண்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அன்று சாயங்காலம் டீக்கடைப் பலகையில் 'ஐந்தாம் பாகம்: மகா வெற்றி' என்று நானே சாக்பீஸ் வாங்கி எழுதினேன். எழுத்து கோணலாக வந்தது. அதன்பின் ஒரு வாரம் ஆட்கள் யாரோடும் முகம் கொடுத்துப் பேசவில்லை.

ஆறாம் பாகமும் பார்த்துப் பார்த்து அதே பழப்பறிப்புக் காலத்தில்தான் வந்தது.

இந்தமுறை எனக்குப் போட்டி அதிகம். மாப்பிள்ளை மகளைக் கூட்டிக்கொண்டு மேலே வந்திருந்தார். அவர் கணக்கெல்லாம் போனில். "மாமா, டிக்கெட் முன்பதிவே இத்தனை கோடி தாண்டிருச்சுங்க" என்று காட்டினார். அந்தக் கோடியை யார் எண்ணியது என்று கேட்டேன். படம் எடுத்தவர்களே சொல்கிறார்களாம். கல்யாண வீட்டுச் சாப்பாடு எப்படி என்று சமையல்காரரையே கேட்கிற கதை என்றேன். மாப்பிள்ளை நல்ல மனிதர்; போனைப் பையில் போட்டுக்கொண்டார்.

இன்னொரு போட்டி எங்கள் மேஸ்திரியம்மா. பழம் பறிக்கிற பெண்களுக்கு அவர்தான் தலைவி. என் வயதுதான் இருக்கும். வாய் நிறைய வெற்றிலை, அதற்கு இடையிலும் தெளிவாகத் திட்ட வரும். லாரிக்காரர் நடித்த படம் எதையும் விட்டதில்லை. படத்தை அளக்க அவர் வைத்திருந்தது ஹார்ன் கணக்கு. வெள்ளக்கடையிலிருந்து வருகிற ரோடு அகலம் குறைச்சல். வளைவுக்கு வளைவு ஹார்ன் அடிக்காமல் வண்டி ஓட்ட முடியாது. லாரிக்காரர் படம் ஒவ்வொன்றிலும் லாரிக்குப் புதுசாக ஒரு ஹார்ன் சத்தம் உண்டு. படம் பிடித்துப்போனால் ஒரு வாரத்தில் மலையில் இருக்கிற பைக்கெல்லாம் அந்த ஹார்னை மாட்டிக்கொள்ளும். எத்தனை பைக் மாட்டியிருக்கிறது என்று அவர் செடிக்குள் இருந்தபடியே காதால் எண்ணிவிடுவார்.

படம் வருவதற்கு முந்தைய திங்கட்கிழமை, பழம் எடை போடுகிற இடத்தில் பேச்சு முற்றியது. அந்த ஆளுக்கு வயதாகிவிட்டது, லாரிக்கும் வயதாகிவிட்டது, இந்தத் தடவை படம் தேறாது என்றேன்.

"ஏனுங்க ரைட்டரே, படத்தைப் பாக்காமயே எப்பிடிங்க சொல்றீங்க?" என்றார் மேஸ்திரியம்மா.

"வெள்ளிக்கிழமை மஸ்டர் சொல்லும்."

"உங்க நோட்டுக்கு நொம்பத்தான் தெரியுமுங்க! மூணாவது வெள்ளிக்கிழமையும் சேலத்துல அதே தியேட்டர்ல இந்தப் படம் ஓடும். ஓடாட்டி ஒரு வருசத்துக்கு நான் வெத்தல போட மாட்டனுங்க. ஓடுச்சுன்னா உங்க மீசைய எடுத்துப்போடோணும். சரிங்களா?"

பெண்கள் எல்லோரும் கூடையைக் கீழே வைத்துவிட்டு என் மேலுதட்டையே பார்த்தார்கள். பத்தொன்பது வயதில் வைத்த மீசை. அது இல்லாத முகத்தை என் மனைவியே பார்த்ததில்லை. ஏற்காடு கோடைவிழாக் கூட்டத்தில் அவள் என்னைக் கண்டுபிடிப்பது அதை வைத்துத்தான். ஆனாலும் அத்தனை பேர் பார்க்கும்போது எந்த ரைட்டர் பின்வாங்குவான்? சரி என்று சொல்லிவிட்டேன். அன்றைக்கு இருந்து வெள்ளிக்கிழமை வரைக்கும் கண்ணாடியில் மீசையைச் சற்று அதிகமாகவே பார்த்தேன்.

வெள்ளிக்கிழமை காலை. பனி இன்னும் விலகவில்லை. வாசலில் யாருமே இருக்கமாட்டார்களோ என்று பயந்துகொண்டே நோட்டோடு வந்தேன். வரிசை நின்றுகொண்டிருந்தது. பேர் கூப்பிடக் கூப்பிட ஆள் இருந்தார்கள். நாற்பத்திரண்டு கோடு, ஒரு சுழி இல்லை. மருந்து அடிக்கிறவரும் வந்திருந்தார்.

"பெரியம்மா நல்லா இருக்காங்களா?" என்று கேட்டேன்.

"நொம்ப நல்லா இருக்குறாங்க சார்," என்றார் பூமியைப் பார்த்துக்கொண்டு.

எனக்குக் கால் தரையில் பாவவில்லை. மேஸ்திரியம்மா பக்கத்தில் போய், வெற்றிலைப் பையை இன்றைக்கே என்னிடம் ஒப்படைத்துவிடலாமே என்று சீண்டினேன். "இன்னும் ரெண்டு வெள்ளிக்கிழம இருக்குதுங்க" என்று சொல்லிவிட்டுக் கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். அன்றைக்கு அவர்கள் பறித்த பறிப்பைப் போல நான் பார்த்ததே இல்லை. நாலு மணிக்குள் சரிவுக்காடு முழுக்கச் சுத்தமாகிவிட்டது. சாயங்காலம் பலகையில் 'ஆறாம் பாகம்: படுதோல்வி' என்று கொட்டை எழுத்தில் எழுதினேன்.

சனிக்கிழமை மழை கொட்டியது. செடியில் பழம் இருந்தால்தானே? ஒன்றும் நஷ்டம் இல்லை. முதலாளி வந்து பார்த்துவிட்டு என் தோளைத் தட்டினார். "இந்தத் தடவை ஆளை நல்லா கட்டி நிறுத்திட்டே" என்றார். எல்லாம் கடவுள் புண்ணியம், படமும் ஊத்திக்கொண்டது சார் என்றேன். பாராட்டை முழுசாக வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பூசை முடித்து வந்து, கறிச்சோறு சாப்பிட்டுப் படுத்துத் தூங்கினேன். ஊரில் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது.

திங்கட்கிழமை பேர் கூப்பிட்டபோது பாதிப்பேருக்குத் தொண்டை கட்டியிருந்தது. "உள்ளேன்" என்பதே காற்றாக வந்தது. பனி ஒத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது என்று அத்தனை பேருக்கும் சுக்கு, மிளகு, துளசி போட்டுக் கஷாயம் வைத்துக் குடிக்கச் சொன்னேன். எல்லோரும் தலையாட்டினார்கள். வெள்ளக்கடை ரோட்டில் ஒரு பைக் வளைவு திரும்பும்போது புதுசாக ஒரு சத்தம் கேட்டது. யானைக்கு விக்கல் எடுத்த மாதிரி. மேஸ்திரியம்மா செடிக்குள்ளிருந்து "ஒண்ணு" என்றார். நான் காதில் வாங்கவில்லை. அந்த வாரக் கடைசிக்குள் அவர் எண்ணிக்கை முப்பதைத் தாண்டியிருந்தது. இரண்டாவது வெள்ளிக்கிழமையும் மஸ்டரில் சுழி இல்லை. அடுத்த திங்கட்கிழமை மறுபடியும் தொண்டைக்கட்டு. நான் மறுபடியும் கஷாயம் சொன்னேன்.

மூன்றாவது வெள்ளிக்கிழமை மாப்பிள்ளை சேலத்திலிருந்து போனில் ஒரு படம் அனுப்பினார். தியேட்டர் வாசல். 'இன்றும் ஹவுஸ்ஃபுல்' என்று பலகை.

"பழைய படமா இருக்கும்," என்றேன்.

"ஏன் மாமா, ஞாயித்துக்கிழமை அத்தையக் கூட்டிட்டு நேர்ல வந்து பாருங்க. டிக்கெட் நான் எடுத்து வெக்கறனுங்க."

போனோம். பஸ்ஸில் வளைவுக்கு வளைவு மீசையைத் தடவிக்கொண்டே இறங்கினேன். தியேட்டரில் இருட்டு பழகவில்லை. மனைவி கையைப் பிடித்துக்கொண்டு நாற்காலி தேடினேன். இடைவேளை வெளிச்சம் வந்ததும் நிமிர்ந்து பார்த்தால் எங்களுக்கு முன்னால் மூன்று வரிசையும் எங்கள் எஸ்டேட். தூக்குப்போசியில் புளிச்சோறு, மடியில் பிள்ளைகள், ஓரத்தில் மருந்து அடிக்கிறவர். அவர் பக்கத்தில் ஒரு கிழவி. "சார், இவங்கதானுங்க எங்க பெரியம்மா" என்றார்.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. மேஸ்திரியம்மா எழுந்து என் பக்கம் வந்ததும் அவரிடம் கத்தினேன்.

"படம் பாக்கறதுன்னா வெள்ளிக்கிழமை லீவு போட்டுட்டுப் பாக்க வேண்டியதுதானே? பதினஞ்சு வருசத்துக்கு மேல வெச்சிருந்த பேரை இப்படிக் கெடுத்துட்டீங்களே! என் மீசையைப் பறிக்கத்தான் எல்லாரும் பேசி வெச்சு வேலைக்கு வந்தீங்களா?"

அவர் சிரிக்கவில்லை. புடவைத் தலைப்பால் வாயைத் துடைத்துக்கொண்டார்.

"இல்லீங்க ரைட்டரே. போன தடவ மழையில பழம் கொட்டி, மொதலாளி உங்களக் களத்துல வெச்சு அந்தப் பேச்சுப் பேசுனாருங்கல்ல. நீங்க தலையத் தொங்கப்போட்டு நின்னீங்க. படம் பாத்துப்போட்டு வந்த நாங்கெல்லாம் அங்கதானுங்க நின்னோம். ஊட்டுக்குப் போயி எனக்குச் சோறு எறங்கல. அப்பவே பேசி வெச்சுக்கிட்டோமுங்க. அடுத்த படம் என்னைக்கு வந்தாலும் சரி, வெள்ளிக்கிழம ஒருத்தரும் போகக்கூடாது, ஞாயித்துக்கிழம வேன் புடிச்சுப் பாத்துக்கலாம்னு. அவருகிட்ட மட்டும்" என்று மருந்து அடிக்கிறவரைக் காட்டினார், "சூடத்து மேல சத்தியம் வாங்குனோமுங்க."

நான் மனைவியைப் பார்த்தேன். "உனக்குத் தெரியுமா?"

"ஊருக்கே தெரியும். உங்ககிட்ட யாரு சொல்றது? நீங்கதான் பலகையில எழுதிட்டு இருந்தீங்களே."

சுழியை வைத்து அவர்களுக்குப் படத்தின் மேல் இருந்த ஆசையை எண்ணத் தெரிந்தது எனக்கு. அந்த நாற்பத்திரண்டு கோடும் எனக்காகப் போடப்பட்டவை என்பது, அதை என் கையாலேயே போட்ட பிறகும், எனக்குத் தெரியாமல் போயிற்று. போதாததற்கு முதலாளியின் பாராட்டையும் நான் வாங்கி வைத்துக்கொண்டேன். வெட்கமாக இருந்தது. அதைவிடச் சந்தோஷமாக இருந்தது. இரண்டையும் மறைக்க வேண்டி, இதெல்லாம் தெரிந்துகொண்டே எதற்கு என்னோடு பந்தயம் கட்டினீர்கள் என்று மேஸ்திரியம்மாவிடம் வள்ளென்று கேட்டேன்.

"பழம் வேறங்க, பந்தயம் வேறங்க," என்றார். "மீசைய விட மாட்டனுங்க."

மணி அடித்தது. இரண்டாம் பாதியில் கதாநாயகனை நடுக்காட்டில் கட்டிப்போட்டிருந்தார்கள். அவர் விசில் அடித்தார். டிரைவர் இல்லாத லாரி யானை விக்கல் விட்டுக்கொண்டு தானாகவே கிளம்பி வந்தது. இதைவிடக் கிறுக்குத்தனமான ஒன்றை நான் ஜென்மத்தில் பார்த்ததில்லை. மூன்று வரிசையும் எழுந்து நின்று விசில் அடித்தது. கல்யாணத்துக்குப் பிறகு நான் விசில் அடித்ததில்லை. எனக்கு வருமா என்று கூடத் தெரியவில்லை. இரண்டு விரலை மீசைக்குக் கீழே வைத்தேன். வந்தது.

மறுநாள் காலை ஷேவ் செய்துகொண்டேன். மனைவி ஒருமுறை பார்த்தாள், அடுப்படிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு சிரித்தாள். மஸ்டருக்குப் போனால் எங்கள் நாற்பத்திரண்டு பேரோடு செம்மநத்தத்திலிருந்து வேறு ஆட்களும் வந்து நின்றார்கள், பார்த்துவிட்டுப் போகத்தானாம். பேர் கூப்பிட்டேன். சிரிப்பில் ஒருவராலும் பதில் சொல்ல முடியவில்லை. மேஸ்திரியம்மா கூடையைக் கவிழ்த்துப்போட்டு அதன்மேல் உட்கார்ந்துவிட்டார். தியேட்டரில் கத்தியதில் எனக்கும் தொண்டை கட்டியிருந்ததால் திட்டவும் முடியவில்லை.

அந்தச் சனிக்கிழமை முதலாளி வந்தார். என் முகத்தை வெகுநேரம் பார்த்தார். நானே ஆரம்பித்தேன். போன மாதம் அந்த வெள்ளிக்கிழமை ஆட்கள் வந்தது என் சாமர்த்தியத்தால் இல்லை, அவர்களாகவே பேசி முடிவெடுத்து வந்தார்கள் என்று களத்தில் எல்லோர் எதிரிலும் சொன்னேன். படத்தின் கடைசியில் ஏழாம் பாகம் வரும் என்று போட்டிருக்கிறார்கள் சார், அது வருகிற வெள்ளிக்கிழமை மொத்த ஆளுக்கும் லீவு வேண்டும், முந்தின ஞாயிற்றுக்கிழமையே வந்து பழத்தை எடுத்துக் கொடுத்துவிடுகிறோம் என்றேன்.

"எல்லாருக்குமா? என்ன காரணம்னு எழுதுவே?"

மருந்து அடிக்கிறவர் என்னைப் பார்த்தார். நான் மீசையைத் தடவப் போய், அங்கே ஒன்றும் இல்லாமல், கையைக் கட்டிக்கொண்டேன்.

"எங்க பெரியம்மா சார்," என்றேன். "அன்னைக்குத்தான் சாகப்போறாங்க."